ஹீட்டர் குளிர்ந்தால் எஞ்சினைப் பாருங்கள்

வட அமெரிக்காவில் டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் பட்டறைக்குக் கொண்டுவரும் வெப்பப் புகார்கள் பெரும்பாலும் இரண்டுதான். குளிர்காலத்தில், ‘ஹீட்டரில் சூடே வரவில்லை’. கோடையில், ‘டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேடு ஏறினால் எஞ்சின் ஹீட் ஆகிறது’. முதல் புகாரை ஏ.சி. வேலை பார்ப்பவரிடம் தள்ளிவிடுவதும், இரண்டாவதை எஞ்சின் மெக்கானிக்கிடம் அனுப்புவதும் பழக்கமாகிவிட்டது. ஃபோர்டு பவர் ஸ்ட்ரோக், டாட்ஜ் ராமில் வந்த கம்மின்ஸ், ஜி.எம். வண்டிகளின் டியூராமேக்ஸ் என்று அந்தச் சாலைகளில் பெயரெடுத்த மூன்று எஞ்சின் குடும்பங்களின் கோளாறுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இந்தப் பிரிவினை தவறு என்று தெரிகிறது. இரண்டு இடத்திலும் ஓடுவது ஒரே கூலன்ட். எஞ்சினில் நாளை வெடிக்கப்போகும் பல கோளாறுகள் இன்றே ஹீட்டரில் தெரிந்துவிடுகின்றன. பார்ப்பவர்தான் குறைவு.

காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. வாட்டர் பம்ப் கூலன்டை பிளாக்குக்குள் தள்ளுகிறது. அது சிலிண்டர்களைச் சுற்றி, ஹெட்டுக்குள் ஏறி, தெர்மோஸ்டாட்டுக்கு வந்து சேர்கிறது. எஞ்சின் சூடேறும் வரை தெர்மோஸ்டாட் மூடியிருக்கும். கூலன்ட் ரேடியேட்டர் பக்கமே போகாமல் பைபாஸ் வழியாகப் பம்புக்குத் திரும்பும். ஹீட்டருக்கான கிளை தெர்மோஸ்டாட்டுக்கு முன்பே பிரிந்துவிடுவதால், ரேடியேட்டர் வழி மூடியிருக்கும்போதும் அங்கே ஓட்டம் உண்டு. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஹீட்டர் கோர் இன்னொரு சின்ன ரேடியேட்டர்தான். ஆனால் அதன் குழாய்கள் மெலிந்தவை. இருக்கும் இடமும் உயரமானது. குழாய் மெலிந்திருப்பதால் கசடு முதலில் அங்கே அடைக்கிறது. இடம் உயரமாக இருப்பதால், கூலன்ட் குறைந்தால் காற்று முதலில் அங்கே ஏறி உட்காருகிறது.

எல்லாக் குளிரும் கோளாறு என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. பெட்ரோல் எஞ்சினில் ஒரு பங்கு எரிபொருளுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று. டீசலில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஐடிலில் நிற்கும்போது அது துளி டீசலை எரித்துவிட்டு, அதற்குப் பல மடங்கு குளிர்ந்த காற்றை இழுத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதோடு இரும்பின் எடை வேறு. கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சின் மட்டுமே ஏறக்குறைய 500 கிலோ. அதைச் சுற்றி ஓடும் கூலன்ட், வண்டியைப் பொறுத்து, 20 முதல் 30 லிட்டர் வரை. இவ்வளவையும் சூடேற்ற ஐடிலிங் போதாது. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் மைனஸ் 40 டிகிரியில் ஒரு டீசல் பிக்கப்பை நிறுத்தியபடியே ஓடவிட்டால், ஏறிய வெப்பமும் இறங்கத்தான் செய்யும். அந்த ஊரில் வாகன நிறுத்துமிடங்களில் மின்சார பிளக் வைத்திருப்பது இதற்காகத்தான். பிளாக்கில் செருகியிருக்கும் ஹீட்டருக்கு, கம்மின்ஸில் 750 வாட், இரவெல்லாம் மின்சாரம் கொடுத்து எஞ்சினை உறையாமல் காப்பாற்றுகிறார்கள். கிரில்லுக்கு முன்னால் துணி உறை மாட்டுவது, ஐடில் வேகத்தைக் கூட்டி வைப்பது, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு எஞ்சினுக்குச் சுமை கொடுப்பது எல்லாமே அதே காரணத்துக்கான வழிகள். வெபாஸ்டோ, எபர்ஸ்பாகர் போன்ற ஜெர்மானிய நிறுவனங்களின் ஹீட்டர்கள் டீசலைத் தனியாக எரித்தே கூலன்டைச் சூடாக்குகின்றன. ஃபோர்டின் 6.7 லிட்டர் வண்டிகளில் கேபினுக்கென்று மின் ஹீட்டர் ஒன்றையும் வாங்கிக்கொள்ளலாம். ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: நிற்கும்போது குளிர்கிறதா, அரைமணி நேரம் சாலையில் ஓடிய பிறகும் குளிர்கிறதா? முதலாவது டீசலின் இயல்பு. இரண்டாவது கோளாறு.

கோளாறு என்று முடிவானால், எதையும் கழற்றுவதற்கு முன் எஞ்சின் முழுதும் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து கூலன்ட் மட்டத்தைப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லவும் வேண்டுமா என்று தோன்றும். ஆனால் தெர்மோஸ்டாட், பம்ப், ஹீட்டர் கோர் என்று வரிசையாகப் பணத்தைக் கொட்டிய பிறகு, கடைசியில் நான்கு லிட்டர் கூலன்ட் குறைவாக இருந்தது தெரியவரும் கதைகள் எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். எஞ்சின் ஊசி சூட்டைக் காட்டிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் ஹீட்டரில் திடீரென்று குளிர்காற்று வந்தால், கூலன்ட் இறங்கிவிட்டது, அல்லது பம்ப் தள்ளவில்லை, அல்லது காற்று உள்ளே சிக்கிய ஏர் லாக். இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும் வண்டியை உடனே ஓரம் கட்ட வேண்டும். டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் சலசலப்பது ஏர் லாக்கின் குரல்.

அடுத்து, ஊசியை நம்பக் கூடாது. ஓட்டுநர் பதற்றப்படக் கூடாது என்பதற்காகவே பல வண்டிகளில், குறிப்பாக அந்தக் கால ஃபோர்டு பிக்கப்களில், ஊசி ஒரு பெரிய வெப்ப இடைவெளி முழுக்க நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். அது நகரத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும். ஓ.பி.டி. போர்ட்டில் செருகும் சின்ன ரீடர் உண்மையான டிகிரியைச் சொல்லும். இன்னொரு கருவி இன்ஃப்ராரெட் வெப்பமானி. பளபளக்கும் அலுமினியத்தின் மேல் காட்டினால் அது தப்பாகச் சொல்லும். ரப்பர் ஹோஸின் மேலோ, கறுப்பு டேப் ஒட்டிய இடத்திலோ காட்ட வேண்டும்.

ஹீட்டர் கோருக்குள் போகும் ஹோஸ், வெளியே வரும் ஹோஸ் இரண்டையும் அளந்தால் பாதி வழக்கு முடிந்துவிடும். போகும் ஹோஸும் வரும் ஹோஸும் நன்றாகச் சுடுகின்றன, கேபினில் மட்டும் குளிர் என்றால், கூலன்ட் தன் வேலையைச் செய்துவிட்டது. குறை காற்றுப் பக்கம். ஒன்று சுட்டு இன்னொன்று வெதுவெதுப்பாக இருந்தால் கோர் அடைத்திருக்கிறது. தோராயமாக 10, 15 டிகிரி வித்தியாசம் இயல்பு. 30ஐத் தாண்டினால் உள்ளே ஓட்டம் இல்லை. இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் எஞ்சினே சூடேறவில்லை, அல்லது கோருக்கே கூலன்ட் வரவில்லை. ஹோஸ் வழியில் வால்வு உள்ள வண்டிகளில் அது திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

காற்றுப் பக்கத்தில் டீசலுக்கென்றே ஒரு விசித்திரம் உண்டு. பெட்ரோல் எஞ்சினின் இன்டேக்கில் த்ராட்டில் காற்றை மறிப்பதால் வேக்குவம் தானாகவே கிடைக்கும். டீசலில் அந்த மறிப்பு இல்லை, வேக்குவமும் இல்லை. அதனால் இந்த பிக்கப்களில் வேக்குவம் பம்ப் ஒன்றைத் தனியாக வைத்து, காற்று முகத்துக்கா, காலுக்கா, கண்ணாடிக்கா என்று திருப்பும் கதவுகளை அதைக் கொண்டு இயக்கினார்கள். வேக்குவம் போய்விட்டால் கதவுகள் ஸ்பிரிங்கின் இழுப்பில் கண்ணாடிப் பக்கம் திரும்பிவிடும். பனியில் கண்ணாடி மறைந்து ஓட்டுநர் சாகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ‘எந்தப் பட்டனை அழுத்தினாலும் கண்ணாடிக்கே காற்று போகிறது’ என்று யாராவது சொன்னால் ஹீட்டரைத் தொடவே வேண்டாம். பேட்டரிக்குப் பக்கத்தில் வெப்பத்தில் வெடித்துப் போன மெல்லிய பிளாஸ்டிக் குழாயைத் தேட வேண்டும். சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் பிளெண்ட் டோர் வேறு கதை. 1994க்குப் பின் வந்த டாட்ஜ் ராம்களில் அந்தக் கதவின் பிளாஸ்டிக் அச்சு முறிவது ஊரறிந்த குறை. முறிந்தால் மோட்டார் சுற்றும், கதவு அசையாது. டேஷ்போர்டுக்குள் ‘டக் டக்’ என்று கேட்டால் மோட்டாரின் பல் தேய்ந்திருக்கிறது.

எஞ்சினே சூடேறவில்லை என்ற வழக்கில் முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட் மீதுதான். பெரும்பாலும் அந்தச் சந்தேகம் சரியாகவே இருக்கும். கம்மின்ஸ் 5.9இல் அது திறக்க வேண்டியது 88 டிகிரி செல்சியஸில். டியூராமேக்ஸில் 82, 85 டிகிரியில் திறக்கும் இரண்டு தெர்மோஸ்டாட்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்ததாக நினைப்பவர்கள் உண்டு. எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் மெதுவாக, எஞ்சினோடு சேர்ந்தே சூடேறினால் தெர்மோஸ்டாட் திறந்தபடி நிற்கிறது. ஜில்லென்று இருந்துவிட்டுத் திடீரென்று சுட்டால் அது சரியாக இருக்கிறது. எஞ்சின் போதிய சூட்டை எட்டவில்லை என்பதைத்தான் பி0128 என்ற கோளாறுக் குறியீடும் சொல்கிறது. எஞ்சின் குளிராக ஓடினால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு: ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாது, டீசல் முழுதாக எரியாது, 2007க்குப் பின் வந்த வண்டிகளில் புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்வதும் தடைபடும்.

நம் ஊர்ப் பட்டறைகளில் ‘இந்த வெயிலுக்கு இது எதுக்கு’ என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடும் வழக்கம் இருக்கிறது. அது வெப்பத்தைக் குறைக்கும் என்ற நம்பிக்கை பல எஞ்சின்களில் பொய். திறக்கும்போது பைபாஸ் வழியை அடைப்பதும் அந்தத் தெர்மோஸ்டாட்டின் வேலைதான். அதை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்பிவரும். சுமை இல்லாதபோது எஞ்சின் குளிர்ந்தும், சுமையேற்றினால் கொதித்தும் ஓடும்.

கோர் அடைத்திருக்கிறது என்று தெரிந்தால், ஏன் அடைத்தது என்று கேட்காமல் புதிதை மாட்டக் கூடாது. ராம் வண்டியில் கோரை எடுக்க டேஷ்போர்டையே பிரிக்க வேண்டும். அந்தக் கூலியை இரண்டு முறை கொடுக்க யாருக்கும் மனம் வராது. இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவினாலே பல கோர்கள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அது ஏறக்குறைய 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குப் பழகிய பொருள். வீட்டுக் குழாயின் முழு அழுத்தத்தை விட்டால் கோர் கிழிந்து, கால் விரிப்பு நனையும். வெளியே வரும் தண்ணீரை ஒரு வெள்ளை வாளியில் பிடித்துப் பார்க்க வேண்டும். துரு என்றால் யாரோ வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். பழுப்புத் துகள் என்றால் கசிவை அடைக்கும் பொடி. அந்தப் பொடியை எந்த டீசலிலும் போடக் கூடாது. கசிவு நிற்கிறதோ இல்லையோ, ஹீட்டர் நின்றுவிடும். வழவழவென்று பச்சையோ மஞ்சளோ கூழாக வந்தால் அது வேதியியல் விவகாரம்.

பிக்கப்களில் அந்த வேதியியலின் தொடக்கம் ஃபோர்டுக்காக நேவிஸ்டார் இன்டர்நேஷனல் செய்துகொடுத்த 6.9, 7.3 லிட்டர் எஞ்சின்கள். டீசல் வெடிக்கும் ஒவ்வொரு முறையும் சிலிண்டர் சுவர் அதிர்கிறது. அந்த அதிர்வில் சுவரின் கூலன்ட் பக்கம் நுண்ணிய ஆவிக் குமிழ்கள் உருவாகி, அடுத்த கணமே நொறுங்குகின்றன. நொறுங்கும் ஒவ்வொரு குமிழும் இரும்பைக் கொத்துகிறது. ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் சுவரில் ஊசித்துளை விழுந்து கூலன்ட் சிலிண்டருக்குள் போகும், பிளாக்கே வீண். இதைத் தடுக்க, சுவரின் மேல் மெல்லிய காப்பாகப் படியும் நைட்ரைட் கலந்த மருந்தைக் கூலன்டில் சேர்த்தார்கள். சோதனைக் கீற்றை முக்கி, நிறம் பார்த்து, தேவையான அளவு சேர்க்க வேண்டும். சேர்க்காதவர்கள் பிளாக்கை இழந்தார்கள். பார்க்காமல் கூடுதலாகச் சேர்த்தவர்களுக்கு அது கசடாகப் பிரிந்து பம்ப் சீலை அரித்து, ஹீட்டர் கோரில் அடைத்தது. சிலிகேட் உள்ள கூலன்டோடு வேறு வகைக் கூலன்டைக் கலந்தாலும் இதே கூழ் சேரும். நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்குவது மடமை. நிறம் வெறும் சாயம்தான். கூலன்டின் அடிப்படையான எத்திலீன் கிளைக்காலுக்குத் தனியாகக் கிடைக்காத பாதுகாப்பு தண்ணீரோடு சரிபாதி கலந்தால் கிடைக்கிறது: தனி கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறையும், பாதிக்குப் பாதி கலவை மைனஸ் 37 வரை தாங்கும்.

கூழ் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2003 முதல் 2007 வரை வந்த 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் காட்டியது. இந்த எஞ்சினின் ஆயில் கூலர் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவில் புதைந்திருக்கிறது. அதன் கூலன்ட் வழிகள் மிகக் குறுகியவை. வார்ப்பில் மீந்த மணலும், தங்கநிறக் கூலன்டிலிருந்து பிரிந்த சிலிகேட் கூழும் அங்கே போய்ப் படிந்தன. அதைத் தாண்டிப் போகும் கூலன்டுதான் இ.ஜி.ஆர். கூலருக்குப் போக வேண்டும். எக்ஸாஸ்ட் புகையின் கொடிய சூட்டைக் குறைக்கும் அந்தப் பெட்டிக்குக் கூலன்ட் போதாமல் போக, மீந்திருந்தது அங்கேயே கொதித்தது. பெட்டி உடைந்து கூலன்ட் இன்டேக்குக்குள் இறங்கியது. அதோடு, 7.3 எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரையும் சுற்றி ஆறு ஹெட் போல்ட்கள் இருந்த இடத்தில், இங்கே நான்குதான். போல்ட் நீண்டு, ஹெட் தூக்கி, கேஸ்கட் போனது. கேஸ்கட்டை மட்டும் மாற்றி அனுப்பிய வண்டிகள் பல திரும்பி வந்தன. அடைத்திருந்த ஆயில் கூலர் உள்ளேயே இருந்ததல்லவா. இதற்கான சோதனையோ எளிது. எஞ்சின் முழுச் சூட்டில், சீரான நெடுஞ்சாலை வேகத்தில் ஓடும்போது ஆயில் வெப்பத்தையும் கூலன்ட் வெப்பத்தையும் ரீடரில் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் 8 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கூலர் அடைத்துக்கொண்டிருக்கிறது. இந்த ஓர் எண்ணைப் பார்த்திருந்தால் எத்தனையோ எஞ்சின்கள் பிழைத்திருக்கும்.

கொதிக்கும் வழக்குகளுக்கு வருவோம். எப்போது கொதிக்கிறது என்பதே இங்கே பாதி விடை. நின்றால் அல்லது மெதுவாக மேடு ஏறினால் மட்டும் சூடாகி, வேகமாக ஓடினால் ஆறுகிறது என்றால் ஃபேன் கிளட்ச். ஆறிய எஞ்சினை நிறுத்தி வைத்து, ஃபேனைக் கையால் சுழற்றினால் சற்றுப் பிடித்து நிற்க வேண்டும். தடையின்றிப் பல சுற்று ஓடினால் உள்ளிருந்த சிலிக்கான் எண்ணெய் போய்விட்டது. நல்ல கிளட்ச் சூட்டில் பிடிக்கும்போது ஓட்டுநர் இருக்கை வரை இரைச்சல் கேட்கும். மாறாக, நெடுஞ்சாலை வேகத்தில் சுமையோடு மட்டும் சூடாகிறது என்றால் ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும். இந்த வண்டிகளில் முன்னால் ஏ.சி. கண்டென்சர், அதன் பின் இன்டர்கூலர், கடைசியில் ரேடியேட்டர். முன்னே நின்று பார்த்தால் பளிச்சென்று இருக்கும். நடு இடுக்கில் பஞ்சும் பூச்சியும் தூசியும் கம்பளமாகப் படிந்திருக்கும். பழைய 12 வால்வு கம்மின்ஸில் எஞ்சினின் மூச்சுக்குழாய் முன்பக்கம் இருப்பதால் ஆயில் ஆவி ரேடியேட்டர் மேல் படிந்து, தூசியைப் பசைபோல் பிடித்துக்கொள்ளும். அதை வெறும் தண்ணீரால் கழுவிப் பயனில்லை. எண்ணெய் போக்கும் சோப்புக் கரைசலை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி அடிக்க வேண்டும். மூச்சுக்குழாயையும் வேறு இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும்.

2004, 2005இல் வந்த எல்.எல்.ஒய். டியூராமேக்ஸ் இன்னொரு பாடம். கோடையில் பாரம் இழுத்து மலையேறும்போது கொதிக்கிறது என்று உரிமையாளர்கள் குறைபட்டார்கள். டர்போவின் காற்று நுழைவாய் குறுகலானது என்றும், அதனால் சூடேறிய காற்று இன்டர்கூலரைச் சுட, அந்தச் சூடு பின்னாலிருக்கும் ரேடியேட்டருக்குப் போகிறது என்றும் பரவலாகக் காரணம் சொல்லப்பட்டது. அப்படியானால் கூலன்ட் பக்கம் எதை மாற்றினாலும் குறை தீராது. பின்னாளில் வந்த எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற இழுவை அளவுகோல், 38 டிகிரி வெயிலில், ஏ.சி. முழுதும் ஓட, அரிசோனாவில் டேவிஸ் அணையிலிருந்து ஏறும் ஏறக்குறைய 18 கிலோமீட்டர் மேட்டைக் கடக்க வேண்டும் என்று வைத்தது. அந்தச் சோதனையில் கணக்கில் வருவது வண்டியின் முழுக் குளிர்விப்பு அமைப்பும்தான்.

கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது, தரையில் ஒரு சொட்டுகூட இல்லை என்ற வழக்குதான் மிகக் கடினம். கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம், இனிப்பு வாசனை, நனைந்த கால் விரிப்பு இருந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. சைலன்சரில் இனிப்பு வாசனையோடு வெள்ளை ஆவி வந்தால் இ.ஜி.ஆர். கூலரோ ஹெட் கேஸ்கட்டோ. கம்மின்ஸில் ஒரு காலத்துப் பிளாக்குகளின் பக்கவாட்டில் ‘53’ என்று வார்த்திருக்கும். அவற்றின் சுவர் மெலிந்தது, வெடிக்கும் பழக்கமுள்ளது. வெளியே பார்த்தால் மெல்லிய ஈரக்கோடு மட்டுமே தெரியும். கேஸ்கட்டைச் சோதிக்க, நீல திரவத்தில் வாயுவை ஊதி நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் முறையைப் பெட்ரோல் மெக்கானிக்குகள் நம்புவார்கள். டீசலில் அதை ஐடிலில் செய்தால் ஏமாற்றிவிடும். காற்று மிகுந்த புகையில் கரியமில வாயு குறைவு. அதோடு, பல டீசல் கேஸ்கட்கள் டர்போ முழு அழுத்தம் கொடுக்கும்போதுதான் கசியும். கூலன்ட் தொட்டியில் அழுத்தமானி ஒன்றை மாட்டி, சுமையோடு மேடு ஏறிப் பார்ப்பதே சரியான சோதனை. மூடியின் அளவான 16 பி.எஸ்.ஐ.யை அது எளிதாகத் தாண்டினால் சிலிண்டர் வாயு உள்ளே வருகிறது.

இந்தக் குழப்பங்களுக்கு விடையாக இ.ஜி.ஆர். கூலரையே கழற்றி எறிந்துவிடும் பழக்கம் அமெரிக்காவில் பெருகியது. எஞ்சினுக்கு அது சுகமாக இருக்கலாம். அங்கே அது தூய காற்றுச் சட்டத்தை மீறுவது, அபராதம் உண்டு. வேறு கூலன்டும், புதிய ஆயில் கூலரும், நல்ல இ.ஜி.ஆர். கூலரும் போட்டால் அதே பலன் கிடைக்கிறது என்பதால், சட்டத்தை விட்டுப் பார்த்தாலும் அது சோம்பேறி வழி.

பழைய டீசல் பிக்கப் ஒன்றை விலைபேசப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் நாள் மாலை ஓட்டிவிட்டு, மறுநாள் காலை நீங்கள் வந்து சேரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லி வையுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அவர் எதையோ மறைக்கிறார். தொட்டியின் மூடியைச் சுற்றி வெள்ளை உப்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மூடியை மெல்லத் திறவுங்கள். கூலன்ட் ஆறும்போது சுருங்குவதால், நல்ல எஞ்சினில் காலையில் அழுத்தம் எதுவும் மீந்திருக்காது. ‘புஸ்’ என்று காற்று வந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.